தானிகிரி கப்பலின் பணிப் பதிவேடு

1935 ஜூன் 12

நீமி கென்கிச்சிக்கு,

இரண்டு வருஷமாக உன் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இப்போது கையால் எழுத வேண்டி வந்திருக்கிறது. ஸாயோவின் அண்ணனாக எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தானிகிரி என்ற நாசகாரிக் கப்பலின் உடலைக் கவனித்துக்கொள்ளும் தலைமை மாலுமியாக, அதன் முன்பாகத்தைப் பற்றவைத்த வெல்டருக்கு எழுதுகிறேன்.

கப்பலின் பணிப் பதிவேட்டில் உடல் சம்பந்தமான பக்கங்கள் என் பொறுப்பு. முதல் இரும்பு வைத்தது 1932 டிசம்பர். தண்ணீரில் இறக்கியது மறு வருஷம் நவம்பர். கடற்படையில் சேர்ந்தது போன வருஷம் ஜூலை 30. அதற்குப் பிறகு எழுத ஒன்றுமே இல்லாமல் இருந்தது. நல்ல கப்பலுக்கு அதுதான் அடையாளம்.

மே மாதப் பயிற்சியில் முதல் தடவையாக எதிர் அலையில் முழு வேகத்தில் போனோம். திரும்பி வந்து பார்த்தால், கேப்டன் நிற்கும் மேடைக்குக் கொஞ்சம் முன்னால், வலது பக்கத் தகடுகளில் பெயின்ட் வரிவரியாக வெடித்திருக்கிறது. கிழவன் நெற்றி மாதிரி. பக்கத்து வெல்டிங் இணைப்பின் முனையில் 41 என்ற உளி முத்திரை இருக்கிறது. அது உன் எண் என்று எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு கேள்வி. அந்த வேலையைச் செய்த அன்று நீ குடித்திருந்தாயா? ஆமாம், இல்லை என்று எழுதினால் போதும்.

தந்தி அறையில் இருக்கும் ஓரிபே கிசாபுரோவும் இதே கப்பலில்தான் இருக்கிறான். யாருடைய நிச்சயத்தைக் கலைத்துவிட்டு நீ என் தங்கையைக் கூட்டிப்போனாயோ, அவன். அவன் உனக்கு வணக்கம் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. நானும் சொல்லவில்லை.

ஹாருஸே தொகுஜி


1935 ஜூன் 25

மதிப்பிற்குரிய ஹாருஸே தொகுஜி அவர்களுக்கு,

இல்லை. குடித்திருக்கவில்லை.

இந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னீர்கள். இரண்டு நாள் நிறுத்தியும் பார்த்தேன். முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஒரு சொட்டும் குடிப்பதில்லை. அதற்கு முன்பும், முத்திரை குத்துகிற வேலை நாட்களில் தொட்டதில்லை. அந்த எண் எங்களுக்குக் கையெழுத்து. அதைக் குத்திவிட்டால் கப்பல் இருக்கும்வரை அந்த இணைப்புக்கு நான்தான் பதில்.

தயவுசெய்து ஒன்று பாருங்கள். பெயின்ட் வெடித்திருப்பது இணைப்பின் மேலா, அதற்குப் பக்கத்திலா? மேலே என்றால் குற்றம் என்னுடையது. பக்கத்தில் என்றால் நிலைமை அதைவிட மோசம்.

ஏன் என்று சொல்கிறேன், உங்களோடு இருக்கட்டும். அந்தக் கப்பலின் முதல் வரைபடத்தை நான் பார்த்திருக்கிறேன். அதில் இத்தனை பீரங்கிகள் கிடையாது. எலும்புக்கூடு எழும்பிய பிறகு மேலே ஒரு பீரங்கி, அப்புறம் இன்னும் இரண்டு டார்பிடோ குழாய், மேடைக்கு மேல் இன்னொரு தட்டு என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். எடை கூடாமல் இருக்க வேண்டுமே, அதற்குத் தகட்டை மெல்லியதாக்கினார்கள். எங்கள் மேஸ்திரி தெராவோ அப்போதே தலையில் அடித்துக்கொண்டார். “ஒல்லிப் பொண்ணு தலையில ரெண்டு அண்டா தண்ணிய வெச்சு, ஓடுன்னு வெரட்டுறானுங்கடா” என்றார்.

ஸாயோவுக்கு இது நாலாவது மாதம். நான் எழுதுவது அவளுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து முள்ளங்கி நறுக்கிக்கொண்டே, “அண்ணன் வேளாவேளைக்குச் சாப்பிடுறாரான்னு கேளுங்க. நான் கேட்டேன்னு சொல்லாதீங்க” என்கிறாள்.

நீமி கென்கிச்சி


1935 ஜூலை 20

கென்கிச்சிக்கு,

பக்கத்தில்தான் வெடித்திருக்கிறது. உன் இணைப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி. அளந்து, எண்ணிப் பார்த்தேன், பதினேழு வரிகள். தகட்டைத் தட்டினால் சத்தம் செத்திருக்கிறது. குடித்தாயா என்று கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மற்றது எதையும் அல்ல.

கேப்டனிடம் அளவுகளை எழுதிக் கொடுத்தேன். அவர் கெட்டவர் இல்லை. படித்தார், மடித்தார், ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார்.

“ஹாருஸே, இது பெயின்ட் சரியில்ல.”

“தகடு மடங்குதுங்கய்யா. பெயின்ட் பொய் சொல்லாது.”

“இதே மாதிரி இன்னும் எத்தனை கப்பல் ஓடிக்கிட்டிருக்குன்னு தெரியுமா உனக்கு? ஒண்ணு சரியில்லன்னா எல்லாமே சரியில்லன்னு ஆயிடும். யோசிச்சியா?” பிறகு, “சுரண்டிட்டுப் புதுசா அடி” என்றார்.

சுரண்டிப் புதிதாக அடித்துவிட்டோம். இப்போது பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் நின்று தட்டிப் பார்க்கிறேன்.

ஓரிபே படுப்பது அதற்கும் முன்னால், மூக்குப் பக்கம். சங்கேதப் புத்தகங்கள் வைத்திருக்கும் அறைக்கு அடுத்த அறை. அலை பெரிதானால் சுவர் பல்லைக் கடிக்கிறது என்கிறான். “தூக்கத்துல யாரு பல்லக் கடிக்கிறீங்கன்னு ஒவ்வொருத்தனையா எழுப்பிக் கேட்டேன். எவனும் ஒத்துக்கல. கப்பல்தான் கடிக்குதுபோல” என்று சிரித்தான். ஸாயோ உண்டாகியிருப்பதைச் சொன்னேன். சிரிப்பு ஒரு கணம் நின்றது. பிறகு, “நல்லாப் பாத்துக்கச் சொல்லு. அவளுக்கு மழைக்காலத்துல இருமல் வரும்” என்றான். அவ்வளவுதான். உன்மேல் எனக்கிருக்கும் கோபம் அவனுக்கு ஏன் இல்லை என்று எனக்குப் புரியவில்லை.

செப்டம்பரில் பெரிய பயிற்சி. வடக்கே. அதற்கு மேல் எழுதக் கூடாது. இதைக் கப்பல் தபாலில் போடவில்லை, ஊருக்குள் இருக்கும் பெட்டியில் போடுகிறேன். நீயும் இனி மேலே என் பெயரை மட்டும் எழுதி, கரையில் நாங்கள் காசு கொடுத்துக் குளிக்கும் கடையின் முகவரிக்கு அனுப்பு. பின்பக்கம் குறித்திருக்கிறேன்.

சாப்பிடுகிறேன் என்று சொல்.

தொகுஜி


1935 ஆகஸ்ட் 8

அண்ணனுக்கு,

அப்படி எழுத உரிமை உண்டா என்று தெரியவில்லை. பிடிக்கவில்லை என்றால் அடித்துவிட்டுப் படியுங்கள்.

உங்கள் பதினேழு வரிகளை எடுத்துக்கொண்டு மேஸ்திரி தெராவோவோடு வரைபடப் பிரிவுக்குப் போனேன். கப்பலின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அங்கிருந்த இளம் பொறியாளர் ஒருவர் முகம் வெளுத்துப்போய், பென்சிலை எடுத்து ஏதோ கணக்குப் போட ஆரம்பித்தார். அவருக்கு மேலே இருப்பவர் வந்து அந்தப் பென்சிலைக் கையிலிருந்து மெதுவாக வாங்கி மேஜையில் வைத்தார். “வெல்டர்கள் வெல்டிங்கைப் பாத்தாப் போதும்” என்றார். ஒரு வாரத்தில் தெராவோவை வடக்கே வேறொரு கப்பல் கட்டும் தளத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

ரயில் ஏறும்போது அவர் என்னைக் கிட்டே கூப்பிட்டார். “அந்தக் கப்பல்ல வரைபடம் போட்டவன் பேரு எங்கயும் இல்ல. உன் நம்பர் இருக்கு. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு சட்டையப் பிடிப்பானுங்கன்னு யோசிச்சு வெச்சுக்க” என்றார்.

நான் யோசிப்பது என் சட்டையைப் பற்றி மட்டும் இல்லை. அண்ணா, கவனமாகக் கேளுங்கள். ஓர் அலைமுகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையில் கப்பலின் நீளம் அளவுக்கே இடைவெளி இருந்தால், மூக்கை ஓர் அலை தூக்கும், வாலை இன்னோர் அலை தூக்கும். நடுவில் தாங்க ஒன்றும் இருக்காது. அப்போது வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். குறைக்காவிட்டால் மேடைக்கு முன்னால் இருக்கும் ஆட்களையாவது பின்னால் வரச் சொல்லுங்கள்.

அல்லது நீங்கள் போகாதீர்கள். வயிற்று வலி என்று சொல்லி ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்ளுங்கள். ஓரிபேயையும் படுக்கச் சொல்லுங்கள். ஸாயோ நேற்று முழுக்க இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கென்கிச்சி


1935 செப்டம்பர் 20, ஹாகோதாதே

கென்கிச்சிக்கு,

நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேரம் இல்லை.

வயிற்று வலி வராது. அந்தக் கப்பலின் உடல் சரியில்லை என்று தெரிந்தவன் நான் ஒருவன். நான் இறங்கிவிட்டால் தெரியாதவர்கள் மட்டும்தான் அதில் போவார்கள். இதை எப்படி உன்னால் எழுத முடிந்தது? ஓரிபேயிடம் காட்டினேன். “இருந்தாலும் அக்கறையா எழுதியிருக்கான்டா” என்றான். அவன் எப்போதும் இப்படித்தான்.

வேகம் பற்றி நீ எழுதியதை என் வார்த்தையாகக் கேப்டனிடம் சொன்னேன். பயிற்சியில் வேகத்தைத் தீர்மானிப்பது அவர் இல்லையாம், முன்னால் போகும் பெரிய கப்பல்.

இரண்டு நாளாகத் தெற்கிலிருந்து நீளமான அலை வந்துகொண்டிருக்கிறது. காற்றே இல்லை. காற்று இல்லாமல் இப்படி அலை வந்தால், எங்கோ தூரத்தில் ஒன்று கிளம்பியிருக்கிறது என்று அர்த்தம். துறைமுகத்து மீனவர்கள் படகுகளைக் கரையேற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் நங்கூரம் எடுக்கப்போகிறோம். மேலே பார்த்த ஒரு கிழவர், “நீங்க வர்றீங்களா, போறீங்களா?” என்று கேட்டார். போகிறோம் என்றேன். கயிற்றைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஸாயோவை வெயிலில் நிற்க வேண்டாம் என்று சொல்.

தொகுஜி


1935 அக்டோபர் 4

அண்ணனுக்கு,

உயிரோடு இருக்கிறீர்களா?

பேப்பரில் புயல் பற்றி நாலு வரிதான். கடற்படைப் பயிற்சி வெற்றிகரமாக முடிந்தது என்று இன்னொரு மூலையில் இரண்டு வரி. ஆனால் இங்கே தளத்தில், கப்பல்களைப் பழுதுபார்க்கும் கடைசிக் குளத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கான்வாஸ் கட்டியிருக்கிறார்கள். எங்களை அந்தப் பக்கம் விடுவதில்லை. நேற்று முன்தினம் விடியும் வேளையில், பின்பக்கமாக இழுத்து ஒரு கப்பலைக் கொண்டுவந்தார்களாம். ஏன் பின்பக்கமாக என்று கேட்டேன். சாரம் கட்டுகிற ஆள் தன் உள்ளங்கையை நீட்டி, விரல்களை இன்னொரு கையால் வெட்டுவது போலக் காட்டினான்.

இன்று ராணுவக் காவலர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். செருப்பைக் கழற்றாமல் பாயில் ஏறினார்கள். “நாப்பத்தொண்ணு நீதானே?” என்று கேட்டார்கள். பெயர்கூடக் கேட்கவில்லை. வேலைக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். உங்கள் கடிதங்களை ஸாயோ வயிற்றோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தாள். அவளைத் தேட அவர்களுக்குத் தோன்றவில்லை.

இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேருமா தெரியாது. ஒரு காலித் தாளை உறையில் போட்டு அனுப்பினாலும் போதும்.

கென்கிச்சி


1935 அக்டோபர் 19

கென்கிச்சிக்கு,

உயிரோடு இருக்கிறேன். ஓரிபே இல்லை.

இதைக் கொண்டுவருபவர் எங்கள் சமையல்காரர். பணி முடிந்து ஊருக்குப் போகிறார். அவரிடம் எதுவும் கேட்காதே. ஒரு கிண்ணம் சோறு போட்டு அனுப்பு. எங்கள் எல்லோரிடமும் வாய் திறப்பதில்லை என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதை மீறித்தான் எழுதுகிறேன்.

செப்டம்பர் 24ஆம் தேதி பகலிலேயே வானம் இருட்டிவிட்டது. நீ எழுதியிருந்தாயே, ஒரு கப்பல் நீளத்துக்கு ஓர் அலை. அதேதான். முன்னால் போன பெரிய கப்பல் வேகத்தைக் குறைக்கவில்லை. இரண்டு மணிக்கு மூக்குப் பக்கம் போய் ஆட்களைப் பின்னால் வரச் சொல்லலாம் என்று கிளம்பினேன். மேல்தளத்தில் நடக்க முடியவில்லை, பாதியில் திரும்பிவிட்டேன். திரும்பிக் கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஒரு சத்தம். வெடிச் சத்தம் இல்லை. பெரிய துணியைக் கிழிப்பது மாதிரி. புதிதாக அடித்த பெயின்ட் இருந்த இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. அப்புறம் கடல் தெரிந்தது.

மூக்கு தனியாகப் போய்விட்டது. ஆனால் மூழ்கவில்லை. கதவுகள் அடைத்திருந்ததால் பெட்டி மாதிரி மிதந்தது. எங்களுக்கு முன்னால் இருந்த எங்கள் கப்பலின் மூக்கே பக்கத்தில் வந்து எங்களைப் பார்ப்பது போல இருந்தது. உள்ளே ஓரிபேயையும் சேர்த்து ஏழு பேர்.

நான் மீதிக் கப்பலின் குறுக்குச் சுவருக்கு மரம் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அது போனால் நூற்றெழுபது பேரும் போக வேண்டியதுதான். சாயங்காலம் பெரிய கப்பல் திரும்பி வந்தது. மூன்று தடவை கயிறு வீசிப் பார்த்தது. மூன்றும் அறுந்தன. மூக்கு வடக்கே ஒதுங்கிக்கொண்டிருந்தது. அங்கே அடுத்த நாட்டின் கரை. உள்ளே சங்கேதப் புத்தகங்கள், அந்நியர் கையில் சிக்கக் கூடாதவை.

கேப்டன் தலையில் கட்டோடு நான் இருந்த இடத்துக்கே இறங்கி வந்தார். மேடையின் கண்ணாடி எல்லாம் போய்விட்டது, மேலேயிருந்து அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

“ஹாருஸே. பெரிய கப்பல்லேருந்து கேக்குறாங்க. அதுல உயிர் இருக்கா?”

வட்ட ஜன்னலில் கைவிளக்கு ஒன்று அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது.

“வெளிச்சம் தெரியுதுங்கய்யா.”

“அலை மினுக்குது. நல்லாப் பாரு.”

“விளக்குங்கய்யா.”

“நல்லாப் பாரு, ஹாருஸே.” அவர் எனக்கு உத்தரவு போடவில்லை, கெஞ்சினார்.

நான் பார்த்தேன். “ஒண்ணும் தெரியலைங்கய்யா” என்றேன்.

பெரிய கப்பல் மூக்கை நோக்கிச் சுட ஆரம்பித்தது. சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நீ பற்றவைத்தது லேசில் விடவில்லை. பதினோரு குண்டு.

விளக்கு என்ன சொன்னது என்று கேட்காதே. அவ்வளவு தூரத்தில், அந்த நுரைக்குள், என்னால் படிக்க முடியவில்லை.

தொகுஜி


1935 நவம்பர் 2

அண்ணனுக்கு,

சமையல்காரர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது அவரே ஸாயோவின் முன்னால் தலைகுனிந்து வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார்.

என்னை மூன்று நாள் உள்ளே வைத்திருந்தார்கள். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள், வலது கையின் இரண்டு விரல்கள் இன்னும் மடங்கவில்லை. அவர்கள் கேட்டது ஒன்றுதான். “வேலைய அரைகுறையாச் செஞ்சேன்னு ஒத்துக்க. கவனக்குறைவுன்னு எழுதிக்கறோம். இல்லன்னா சதின்னு எழுத வேண்டி வரும்.” தளத்திலிருந்து ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்று பென்சிலை வாங்கி வைத்தவர். அவர் என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பதினைந்தாம் தேதிவரை யோசிக்க அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

கான்வாசுக்குள் இருக்கும் கப்பலில் உடைந்த விளிம்பை நீங்கள் பார்க்க முடியும். 41 எங்கே இருக்கிறது, கிழிந்தது எங்கே என்று உங்களால் சொல்ல முடியும். சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் உங்களுக்குச் செய்தது எனக்குத் தெரியும். ஓரிபேக்குச் செய்ததும் தெரியும். அவர் உயிரோடு இருந்தபோது ஒரு தடவை நேரில் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நாளைக்கு, அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டேன்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஸாயோ எழுதச் சொல்கிறாள். உங்கள் கடிதத்தை அவள் இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தாள். மூன்றாம் நாள், “அண்ணனுக்கு விளக்குப் பாஷை சொல்லிக் கொடுத்ததே ஓரிபேதான். எங்க வீட்டு மாடியில ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில உக்காந்து விளக்குலயே சண்டை போடுவாங்க. கண்ண மூடிக்கிட்டே அண்ணன் படிப்பாரு. படிக்க முடியலன்னு எனக்கே எழுதுறாரா?” என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

கென்கிச்சி


1935 நவம்பர் 21

கென்கிச்சிக்கு,

நீ தப்பித்தாய். இந்நேரம் உனக்குச் சொல்லியிருப்பார்கள்.

விசாரணைக் குழு முன்னால் நின்றேன். உடைந்த விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். உன் இணைப்பு மேலிருந்து கீழ்வரை முழுசாக நிற்கிறது. ஒரு சாண் தள்ளி, வெறும் தகடு கிழிந்திருக்கிறது. அதைச் சொன்னேன். ஜூலையில் எழுதிக் கொடுத்த பதினேழு வரியின் நகலையும் வைத்தேன். வெளியே வந்ததும் ஓர் அதிகாரி என்னைத் தேநீர் குடிக்கக் கூப்பிட்டார். மிகவும் மரியாதையாகப் பேசினார்.

“நீங்க சொன்னத அப்படியே ஏத்துக்கறோம், ஹாருஸே. வெல்டர் மேல தப்பில்லன்னு எழுதி, சீல் வெச்சு, தலைநகருக்கு அனுப்பிடறோம். பதிலுக்கு ஒரு சின்ன விஷயம். பணிப் பதிவேட்டுல ஒரு பக்கம் பாக்கி நிக்குது. அது உங்க கையெழுத்துல இருந்தா நல்லா இருக்கும்.”

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். “செப்டம்பர் 24. கடும் அலையால் முன்பாகம் சேதமுற்றுப் பிரிந்தது. பிரிந்த கணத்திலேயே அதிலிருந்த எழுவர் கடலில் வீழ்ந்து மறைந்தனர். ஆளற்ற பாகம் பின்னர் அப்புறப்படுத்தப்பட்டது.” கீழே என் பெயர்.

ஓரிபேயின் தாய்க்கும் இதே வாசகம்தான் போயிருக்கிறது.

உன் விரல்களுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ஸாயோவின் கேள்வியை என்னிடம் திரும்பக் கேட்காதே. இனி எழுத வேண்டாம்.

தொகுஜி


1935 டிசம்பர் 10

அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். மன்னியுங்கள், ஸாயோ ஒரு காரியம் செய்துவிட்டாள்.

உங்கள் கடிதத்தைப் படித்தாள், மடித்தாள், இரண்டு கஞ்சிப் பாத்திரங்களைத் துலக்கி வைத்தாள். மறுநாள் காலை ஒன்பது மாத வயிற்றோடு ரயிலேறி நோத்தோவுக்குப் போய்விட்டாள், ஓரிபேயின் தாயைப் பார்க்க. “அவருக்குச் செஞ்ச துரோகம் ஒண்ணு போதும். ரெண்டாவதுக்கு நான் வாய மூடிக்கிட்டு இருக்க மாட்டேன்” என்றாள். நான் தடுக்கவில்லை. தடுத்தால் நின்றிருப்பாளா என்றும் தெரியவில்லை.

அந்த அம்மா அவளை உள்ளேயே விடமாட்டார் என்று நினைத்திருந்தேன். உள்ளே கூட்டிப்போய், தணல் பக்கத்தில் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தாராம். ஸாயோ எல்லாவற்றையும் சொன்னாள். மூக்கு மிதந்தது, விளக்கு எரிந்தது, பதினோரு குண்டு. அந்த அம்மா அழவில்லை, சாபமும் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எம் புள்ள சும்மா விளக்க ஆட்டுறவன் இல்லம்மா. ஏதோ சொல்லியிருக்கான். என்ன சொன்னான்?” என்று கேட்டாராம். அண்ணனுக்குத்தான் தெரியும் என்றாளாம் ஸாயோ. “அண்ணங்கிட்ட கேட்டுச் சொல்லு. அது ஒண்ணுதான் எனக்கு வேணும்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அவள் திரும்பி வந்த அன்றே, பழைய காவலர்கள் இரண்டு பேரும் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. “சம்சாரம் எங்க போயிருந்தாங்க?” என்றார்கள். உறவுக்காரர் வீட்டுக்கு என்றேன். “நோத்தோல என்ன உறவு?” என்று சிரித்தார்கள். இப்போது தெருமுனை மரக்கடையில் ஒருவர் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். மரம் வாங்குவதில்லை.

தானிகிரிக்குப் புது மூக்கு செய்கிறோம். இனி வெல்டிங் கூடாதாம், எல்லாம் ரிவெட் ஆணிதானாம். தகடு இரண்டு மடங்கு தடிமன். மேலேயிருந்து ஒரு பீரங்கியையும் இறக்கிவிட்டார்கள். தெராவோ அன்று சொன்ன அத்தனையும் இன்று உத்தரவாக வந்திருக்கிறது. யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை.

நீங்கள் பதில் எழுதினாலும் எழுதாவிட்டாலும், குழந்தைக்கு நீங்கள்தான் மாமா.

கென்கிச்சி


1935 டிசம்பர் 23

தம்பி கென்கிச்சிக்கு,

ஸாயோ செய்தது சரி. அதை நான் செய்திருக்க வேண்டும்.

உன்மேல் குற்றம் இல்லை என்ற அறிக்கை தலைநகரத்தில் ஏற்கப்பட்டு, அச்சாகி, எல்லாத் தளங்களுக்கும் போய்விட்டது. அதை இனி யாரும் திரும்ப வாங்க முடியாது. அது தெரியும்வரை காத்திருந்தேன். இன்று காலை பணிப் பதிவேட்டை எடுத்தேன். அந்தப் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. விளக்கு சொன்னதை அங்கே எழுதி, மறுபடி கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுவிட்டேன். 28ஆம் தேதி ஆய்வுக்கு வருகிறார்கள். அந்தப் பக்கத்தைக் கட்டாயம் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு என்னிடமிருந்து கடிதம் வரவில்லை என்றால் தேடி வராதீர்கள். என் கடிதங்களை எரித்துவிடு. இதை மட்டும், எரிப்பதற்கு முன்னால், நோத்தோவுக்குக் கொண்டுபோ. ஸாயோ வேண்டாம், நீயே போ. நீ போய் நிற்க வேண்டிய வீடு அது.

அந்த அம்மாவிடம் சொல். உங்கள் மகன் சொன்னதை ஹாருஸே தொகுஜி ஓர் எழுத்து விடாமல் படித்தான். அப்போதே படித்தான். கேப்டன் பக்கத்தில் நிற்கும்போதே படித்தான்.

முதலில் ஓரிபே ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். “ஏழு பேரும் நலம். உள்ளே தண்ணீர் இல்லை. அவசரம் வேண்டாம், காத்திருக்கிறோம்.”

முதல் குண்டு விழுந்ததும் விளக்கு நின்றது. பிறகு மறுபடி எரிந்தது. வேகமாக இல்லை. பயிற்சியில் புதிய ஆட்களுக்குக் காட்டுவது போல, நிறுத்தி நிறுத்தி, தெளிவாக. தங்களை யாரோ வேறு கப்பல் என்று தவறாக நினைத்துச் சுடுகிறார்கள் என்று அவன் நினைத்திருக்கிறான்.

“இது தானிகிரி. இது தானிகிரி. இது தானிகிரி.”

ஒன்பதாவது குண்டுவரை சொன்னான்.

தொகுஜி